பட்டறைக்கு எந்த கம்ப்ரசர்? டேங்க் அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

என் அக்கா மகன் பல்லடம் ரோட்டில் ஒரு கடை பிடித்திருக்கிறான். டூ வீலர் சர்வீஸ், பஞ்சர், அதோடு சின்னச் சின்ன பெயிண்டிங் வேலை. ஸ்டாண்டு, டூல் செட் எல்லாம் வாங்கி முடித்தவன், கம்ப்ரசர் விஷயத்தில் மட்டும் இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ராத்திரி போன் வந்தது. "மாமா, 220 லிட்டர் டேங்கோட பழைய பெல்ட் கம்ப்ரசர் ஒண்ணு வருதுங்க. புதுசா ஒரு சின்ன மெஷின் என்ன விலையோ அதேதான் சொல்றாங்க. எடுத்துரட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரில் வந்து பார்க்கிறேன், அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே என்று மட்டும் சொன்னேன். மரப்பட்டறை வைத்திருக்கும் எனக்கு ஆணி அடிப்பதிலிருந்து பாலிஷ் ஸ்பிரே வரை பதினெட்டு வருடமாகக் கம்ப்ரசரோடுதான் பிழைப்பு. நான் முதன்முதலில் வாங்கியதும் பழைய மெஷின்தான். அதில், அழுத்தம் எல்லை தாண்டினால் காற்றைத் திறந்துவிடும் சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்திருந்தார்கள். வால்வு லீக் ஆனதாம், புதிது வாங்கிப் போடச் சோம்பலாம். விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. மூன்று மாதம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த பிறகுதான் ஒரு மெக்கானிக் கண்ணில் அது பட்டது. அன்றிலிருந்து கம்ப்ரசர் என்றால் நான் முதலில் பார்ப்பது டேங்கையும் அதன் பாதுகாப்பையும்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஒன்று, 1 ஹெச்பி ஆயில்-ஃப்ரீ மெஷின், 25 லிட்டர் டேங்க், கையில் தூக்கிப் போகலாம். இரண்டு, மோட்டாரோடு பம்ப் நேராகப் பொருந்திய டைரக்ட் டிரைவ், 2 ஹெச்பி, 50 லிட்டர், ஆயில் ஊற்றுவது. மூன்று, பெல்ட் போட்ட 2 ஹெச்பி, 100 லிட்டர். நான்காவது, அந்தப் பழைய 220 லிட்டர், 3 ஹெச்பி, த்ரீ பேஸ்.

விலையை வைத்துப் பார்த்தால் முதலாவது மலிவு. மூன்றாவது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும். ஆனால் விலையிலிருந்து ஆரம்பித்தால் தப்பான இடத்தில் போய் நிற்போம். கடைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

எவ்வளவு காற்று வேண்டும்?

கம்ப்ரசர் விற்கிற கடையில் எல்லாரும் ஹெச்பியும் லிட்டரும்தான் சொல்வார்கள். நமக்கு வேண்டிய கணக்கு சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று கிடைக்கிறது என்பது. ஒரு சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்கு 28 லிட்டர் சொச்சம். இதிலும் இரண்டு கணக்கு உண்டு. பெயர்ப்பலகையில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட். பிஸ்டனின் அளவையும் சுற்றையும் பெருக்கி வந்த எண் அது. நிஜமாக வெளியே வருவது ஃப்ரீ ஏர் டெலிவரி, சுருக்கமாக எஃப்ஏடி. சின்ன மெஷின்களில் அது பெரும்பாலும் முக்கால் பங்கைத் தாண்டாது. கடைக்காரரிடம் "எஃப்ஏடி எவ்வளவுங்க?" என்று கேளுங்கள். அவர் திருதிருவென்று விழித்தால், கடையிலேயே அளந்து பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது.

மெஷினை ஓட விடுங்கள். ஹோஸ் பக்கம் வால்வை மூடிவிட்டு கேஜையே பாருங்கள். முள் 4 கிலோ அழுத்தத்தைத் (கிலோ என்றால் இங்கே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ) தொட்டதும் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள், 7 கிலோவில் நிறுத்துங்கள். ஏறியது 3 கிலோ. டேங்க் லிட்டரை 3-ஆல் பெருக்கி, ஆன நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். நாங்கள் பார்த்த 25 லிட்டர் ஆயில்-ஃப்ரீக்கு ஒன்றேகால் நிமிடம் ஆனது. 75-ஐ ஒன்றேகாலால் வகுத்தால் 60 லிட்டர், ஏறக்குறைய 2 சிஎஃப்எம். அதே ஒன்றேகால் நிமிடத்தில் 50 லிட்டர் டைரக்ட் டிரைவ் ஏறியது. அது 120 லிட்டர், 4 சிஎஃப்எம் சொச்சம். 100 லிட்டர் பெல்ட் மெஷினுக்கு இரண்டு நிமிடம். 150 லிட்டர், 5 சிஎஃப்எம்-க்கு மேலே. சுத்தமான லேப் கணக்கு இல்லைதான். ஆனால் ஒரே கடையில் நான்கு மெஷினை ஒப்பிட இது போதும். இப்படி அளக்க விடாத கடையில் வாங்க வேண்டாம் என்பேன்.

சரி, வேலைக்கு எவ்வளவு வேண்டும்? ஸ்கூட்டர் டயருக்குள் ஏறக்குறைய 5, 6 லிட்டர் இடம் இருக்கும். அதில் 29 பவுண்டு (பிஎஸ்ஐ), அதாவது 2 கிலோ பிடிக்க 10, 12 லிட்டர் காற்று போதும். 25 லிட்டர் டேங்க் 7 கிலோவிலிருந்து 4-க்கு இறங்குவதற்குள் ஆறு டயர் முடிந்துவிடும். பஞ்சர் கடைக்கு மட்டும் என்றால் சின்ன மெஷினே தாராளம். நட்டு கழற்றும் அரை இஞ்ச் இம்பேக்ட் கன் 90 பவுண்டில் சராசரியாக 4, 5 சிஎஃப்எம் கேட்கும். ஆனால் அது விட்டுவிட்டு ஓடுவது, டேங்கில் இருப்பதை வைத்துச் சமாளித்துவிடலாம். வித்தியாசம் தெரிவது ஸ்பிரே கன்னிலும், உப்புத்தாள் தேய்க்கும் சாண்டரிலும்தான். டேங்க் கவர், மட்கார்டு அளவுக்கு மினி கன் என்றால் 4, 5 சிஎஃப்எம் போதும். முழு வண்டி பாடிக்கு ஹெச்விஎல்பி (குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்று அடிக்கும்) கன் பிடித்தால் 8-லிருந்து 15 வரை கேட்கும். சாண்டர் நிற்காமல் ஓடினால் 10-க்கு மேல்.

இங்கேதான் 220 லிட்டர் என்ற பேச்சு ஆளை மயக்குகிறது. பெரிய டேங்க் காற்றை உண்டாக்காது, சேர்த்துத்தான் வைக்கும். வீட்டு மேலே பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டு, கீழே சின்ன மோட்டார் வைத்தால் என்ன ஆகும்? முதல் குளியல் சுகமாக இருக்கும், அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். அதேதான் இதுவும்.

ஆயில்-ஃப்ரீயா, டைரக்டா, பெல்ட்டா?

ஆயில்-ஃப்ரீ மெஷினில் பிஸ்டன் ரிங் டெஃப்ளான் போன்ற பொருளில் இருக்கும், எண்ணெய் வேண்டாம். நான்கு துருவ மோட்டார் போட்டு நிமிடத்துக்கு 1,400 சுற்றில் ஓடுவது சத்தம் குறைவு, பல் டாக்டர் கிளினிக்கில் இருப்பது இந்த ரகம்தான். காற்றில் எண்ணெய் வராது என்பதால் பெயிண்டில் சின்னச் சின்னக் குழி விழாது. குறை என்னவென்றால் ரிங் தேயும், சூட்டில் இன்னும் சீக்கிரம் தேயும். கால் மணி நேரம் ஓடினால் அதே அளவு ஓய்வு கொடுக்க வேண்டும். வீட்டுக்கு, ஏசி சர்வீஸ்காரருக்கு, பிராட் நெய்லர் (சின்ன ஆணி அடிக்கும் கன்) வைத்து ஃபால்ஸ் சீலிங் அடிப்பவருக்கு இது நல்ல மெஷின். நாள் முழுக்க ஓடும் கடைக்கு இல்லை.

டைரக்ட் டிரைவ் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மோட்டார் 2,800 சுற்றுக்கு மேல் ஓடும்போது பம்ப்பும் அதே வேகத்தில்தான் ஓடும். சீக்கிரம் ஏறும், சீக்கிரம் சூடாகும், சத்தம் காதைப் பிளக்கும். பக்கத்தில் கஸ்டமரோடு பேச முடியாது. ஒரு கான்ட்ராக்டர் சைட்டுக்குச் சைட் தூக்கிப் போக வேண்டுமென்றால் வாங்கட்டும்.

பெல்ட் மெஷினில் சின்ன புல்லியிலிருந்து பெரிய ஃப்ளைவீலுக்கு வரும்போது வேகம் 1,000 சுற்றுக்குக் கீழே இறங்கிவிடும். ஃப்ளைவீலின் ஆரங்களே ஃபேன் மாதிரி பம்ப்புக்குக் காற்று அடிக்கும். இரும்பு வார்ப்பு சிலிண்டர், தனித்தனியாகக் கழற்றிச் சரிசெய்யலாம். வால்வு பிளேட்டோ கேஸ்கட்டோ போனால் அரை நாளில் மாற்றிவிடலாம். கோயம்புத்தூர் நமக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. எல்ஜி (ELGi) கம்ப்ரசர் கம்பெனி 1960-இல் அங்கே தொடங்கியதிலிருந்து கம்ப்ரசர் வேலை தெரிந்த கைகளும் ஸ்பேரும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. என் பட்டறையில் இப்போது இருப்பதும் பெல்ட்தான். பன்னிரண்டு வருடத்தில் பெல்ட்டும் ஃபில்டரும் ஒரு தடவை வால்வு பிளேட்டும் மாற்றினேன். அவ்வளவுதான்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பைக் கடைக்காரர்கள் கையில் எப்போதும் இன்ஜின் ஆயில் இருப்பதால் அதையே ஊற்றிவிடுகிறார்கள். இன்ஜின் ஆயிலில் அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ள மருந்து சேர்த்திருப்பார்கள், அது இங்கே தண்ணீரையும் கலந்து வைத்துக்கொள்ளும். சூடான வால்வில் கரியும் படியும். அந்தக் கரி டெலிவரி பைப்பில் சேர்ந்து தீப்பிடிப்பதும் உண்டு. கம்ப்ரசர் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். ஆயில் அளவு காட்டும் கண்ணாடியில் பாதிவரை இருந்தால் போதும்.

கரண்ட் கணக்கு

2 ஹெச்பி என்றால் 1.5 கிலோவாட். சிங்கிள் பேஸில் ஓடும்போது 10 ஆம்பியர் வாக்கில் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மில்லி ஒயர், சி டைப் எம்சிபி, நல்ல எர்த், கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் எதையும் குறைக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி இருபது மீட்டர் இழுத்து ஓட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. வோல்டேஜ் விழும், மோட்டார் முனகும், கெபாசிட்டர் போகும், கடைசியில் ரீவைண்டிங் கடைக்குப் போய் நிற்கும். தூரம் போக வேண்டுமென்றால் ஒயரை நீட்டாதீர்கள், காற்று ஹோஸை நீட்டுங்கள்.

த்ரீ பேஸ் மோட்டாருக்கு கெபாசிட்டர் தொல்லை இல்லை, ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கும். 3 ஹெச்பிக்கு மேலே போனால் அதுதான் சரி. ஆனால் இரண்டு விஷயம். ஒயர் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், காற்று ஏறும், ஆனால் ஃப்ளைவீல் காற்று பம்ப் மேல் அடிக்காமல் பம்ப் வெந்துபோகும். அதனால்தான் பெல்ட் மூடியிலோ வீலிலோ அம்புக்குறி போட்டிருப்பார்கள். அப்புறம், ஒரு பேஸ் போய்விட்டால் நிறுத்திவிட ஓவர்லோட் ரிலேயும் சிங்கிள் பேஸ் ப்ரிவென்டரும் வேண்டும். மருமகன் கடையில் இருப்பது சிங்கிள் பேஸ் சர்வீஸ். பழைய மெஷினுக்காக லைன் மாற்றும் செலவை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இதைக் காதால் படிக்க வேண்டும். மெஷின் முழுக் காற்று ஏறி நின்றதும் "புஸ்" என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள பைப்பில் அடைபட்ட காற்றை அன்லோடர் வெளியே விடுகிற சத்தம் அது. அடுத்த ஸ்டார்ட்டில் மோட்டார் பாரமில்லாமல் எழ அதுதான் வழி. சத்தம் வரவில்லையென்றால் மோட்டார் "ம்ம்ம்" என்று நின்ற இடத்திலேயே திணறும். "புஸ்" நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடவில்லை, டேங்க் காற்று திரும்பி வருகிறது என்று அர்த்தம். இரண்டும் சின்ன ரிப்பேர். கவனிக்காமல் விட்டால் மோட்டார் காலி.

டேங்க்: இங்கே மட்டும் பேரம் பேசாதீர்கள்

இப்போது அந்தப் பழைய 220 லிட்டருக்கு வருகிறேன். 10 கிலோ அழுத்தத்தில் அந்த டேங்குக்குள் அடங்கியிருக்கும் சக்தியைக் கணக்குப் போட்டால், ஒரு டன் எடையுள்ள காரை 30 மீட்டர் உயரம், அதாவது பத்து மாடி தூக்கிவிடும் அளவு வரும். டேங்க் கிழிந்தால் அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வருகிறது. தகரமும் பம்ப்பும் சுவரும் பறக்கும். எரிவாயு இல்லை, வெறும் காற்றுதானே என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும்.

டேங்கைத் தின்பது தண்ணீர். 30 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதை 8 கிலோவுக்கு அமுக்கி ஆற விட்டால் 3 கிராம் சொச்சம்தான் ஆவியாகத் தங்கும், மீதி 20 கிராமுக்கு மேல் தண்ணீராகப் பிரியும். 5 சிஎஃப்எம் மெஷின் இரண்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 350 மில்லி. இரண்டு டம்ளர் தண்ணீர்! அது டேங்கின் அடியில் தேங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். வெளியே பளபளவென்று புது பெயிண்ட் இருக்கும். பழைய மெஷின் விற்பவர்கள் முதலில் செய்வதே பெயிண்ட் அடிப்பதுதான்.

அதனால் தினமும் சாயங்காலம் கடை மூடும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, டேங்கில் ஒரு கிலோ காற்று மீதி வைத்து, அடியில் இருக்கும் ட்ரெயின் காக்கைத் திறந்து விடுங்கள். முதலில் காவி நிறத்தில் தண்ணீர் சீறும், பிறகு தெளியும், கடைசியில் வெறும் காற்று வரும். ஒரு நிமிட வேலை. காவி நிறம் நாளுக்கு நாள் கெட்டியாகி, துருச் செதில் வர ஆரம்பித்தால் டேங்கை டெஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

டேங்கில் ஊசி ஓட்டை விழுந்தால் எம்-சீல் அடைப்பதும், வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. ஓட்டை தெரிகிற இடத்தைச் சுற்றிலும் தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும். அந்த ஓட்டை நமக்குக் கிடைத்த எச்சரிக்கை. நன்றி சொல்லி டேங்கை மாற்றுங்கள்.

சேஃப்டி வால்வு வளையத்தை வாரம் ஒருதரம் இழுத்துப் பாருங்கள். காற்று சீறி, விட்டதும் அடைய வேண்டும். பிரஷர் சுவிட்ச் பழுதாகி மெஷின் நிற்காமல் போனால் நம் உயிருக்கு மிச்சமிருக்கும் ஒரே காவல் அதுதான். பிரஷர் சுவிட்சில் ஸ்க்ரூவை முறுக்கி இன்னும் ஒரு கிலோ கூட்டுவதும் வேண்டாம். டேங்கில் எழுதியிருக்கும் எண்தான் எல்லை. எண்ணே எழுதாத, பிளேட் இல்லாத டேங்க் என்றால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

லைன் இழுப்பதற்கு பிவிசி பைப் போடுவதைப் பல கடைகளில் பார்க்கிறேன். தண்ணீருக்கு அது சரி. காற்றுக்குப் போட்டால் வருடக்கணக்கில் காய்ந்து, ஒருநாள் கண்ணாடி மாதிரிச் சிதறும். ஜிஐ, அலுமினியம், அல்லது அழுத்தம் எழுதிய ரப்பர், பியு ஹோஸ். அதுவும் மெஷினிலிருந்து முதல் ஒரு மீட்டர் ஹோஸாக இருந்தால் அதிர்வில் ஜாயின்ட் விடாது.

ஆளைப் பற்றிய பேச்சும் வேண்டும். வேலை முடிந்ததும் உடம்பிலும் தலையிலும் காற்று அடித்துத் தூசி தட்டும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது, என் பட்டறையில் அதை நிறுத்த எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. வெட்டுக்காயம் வழியாகக் காற்று ரத்தத்தில் போகலாம், கண்ணும் காதுச் சவ்வும் போய்விடலாம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி, சுத்தம் செய்ய அடிக்கும் காற்றே 30 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். விளையாட்டு என்று உடன் வேலை செய்பவனின் பின்புறத்தில் ஹோஸை வைத்து, குடல் கிழிந்து இறந்துபோன செய்திகள் நம் நாட்டில் பலமுறை வந்துவிட்டன. கடையில் சின்னப் பையன்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம். பெயிண்ட் அடிக்கும் அறைக்குள் கம்ப்ரசரை வைக்காதீர்கள். தின்னர் ஆவியை மெஷின் இழுக்கும், பிரஷர் சுவிட்சில் தீப்பொறி எழும்.

சனிக்கிழமை மருமகனோடு போய் அந்தப் பழைய மெஷினைப் பார்த்தேன். பம்ப் நன்றாகவே இருந்தது, மோட்டாரும் சுகம். ட்ரெயின் காக் துருவில் இறுகி அசையவே இல்லை, எத்தனை வருடமாகத் திறக்கவில்லையோ. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். மேலே மணி மாதிரி கணீரென்றது, அடியில் மொத்தென்றது. இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதால், "டெஸ்ட் செலவு எங்களுது, ஹைட்ரோ டெஸ்ட் பார்த்துக்கலாங்களா அண்ணா?" என்று கேட்டேன். உரிமையாளர் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார்.

ஹைட்ரோ டெஸ்ட் என்றால் டேங்கில் துளி காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப் பம்ப்பால் வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி நிறுத்திப் பார்ப்பது. தண்ணீர் அமுங்காது, அதனால் டேங்க் விட்டாலும் வெடிக்காது, ஒழுகும். 10 கிலோ டேங்குக்கு 15 வரை ஏற்ற வேண்டும். 12-ஐத் தாண்டியபோது அடி வெல்டுக்குப் பக்கத்தில் ஒரு முத்து. துடைத்தோம், மறுபடி வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மருமகன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் அவன் 2 ஹெச்பி பெல்ட் மெஷின் புதிது எடுத்தான். இரண்டு மாதம் தள்ளி வாங்கலாம் என்றிருந்த வாஷிங் பம்ப்பை ஒத்திப்போட்டுத்தான் அந்தப் பணத்தைச் சேர்த்தான். முழு பாடி பெயிண்டிங் வேலை வந்தால் இப்போதைக்கு வெளியே கொடுத்துவிடுவதாக முடிவு. பழைய மெஷின் உரிமையாளர் பம்ப்பையும் மோட்டாரையும் தனியாக விற்றுவிட்டார். டேங்கைக் காயலான் கடைக்குப் போடும் முன், யாரும் ஒட்டுப்போட்டு மறுபடி காற்று ஏற்றிவிடக் கூடாது என்று, பிளக்கெல்லாம் கழற்றி, கழுவி, அடியில் கை நுழைகிற அளவுக்கு நான்கு இடத்தில் வெட்டிவிடச் சொன்னேன். வெட்டிய தகட்டை எடுத்துப் பார்த்தோம். ஓரத்தில் மூன்று மில்லி கனம், நடுவில் தபால் அட்டை மாதிரி இருந்தது.